என் இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டியவர்

சவரிமுத்து சார் இறந்த செய்தியைச் சுப்பராஜாதான் எனக்குச் சொன்னார். நம் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் பொருளாளர் அவர். சங்கத்தில் யார் இறந்தாலும் முதல் போன் அவரிடமிருந்துதான் வரும். அதனால் விடிந்ததும் விடியாததுமாக அவர் பெயர் போனில் தெரிந்தாலே, இன்று யாரோ என்றுதான் எடுப்பேன். அன்று ரத்த அழுத்த மாத்திரையை நாக்கில் போட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். "அக்கய்யா," என்றார். அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு. அக்கா என்பதை அப்படித்தான் சொல்லிக் கூப்பிடுவார். "நம்ம துணைத் தலைவர் போயிட்டாரு." எந்தத் துணைத் தலைவர் என்று கேட்டேன். நமக்கு இருந்தது ஒரே ஒருவர்தான். மாத்திரை வாயிலேயே கரைந்துவிட்டது.

ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டுவிட்டார்கள். அவர் மனைவி பிலோமினா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொன்னார். "காலைப் பூசைக்கு நேரமாச்சுன்னு செருப்பை மாட்டுனாவ டீச்சர். ஒரு கால்லதான் மாட்டியிருந்தாவ. அப்படியே சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாவ. நான் காப்பியை ஆத்திக்கிட்டு வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு." வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேயிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சவரிமுத்து சார் மேல்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. முறைப்படி நான்தான் முன்னால் போயிருக்க வேண்டும். வயதில் மூத்தவள் நான். இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவள் நான். அவருக்குச் சர்க்கரை கிடையாது, கொதிப்பு கிடையாது. சங்கத்துக்குத் தலைவர் நான். தலைவர் இறந்தால் இரங்கல் கூட்டத்துக்குத் துணைத் தலைவர் தலைமை தாங்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் வழக்கம். அதை வைத்து அவர் என்னைச் சீண்டாத நாளில்லை. "உங்க கூட்டத்துக்கு மைக் செட்டு வேண்டாம் டீச்சர். உங்க சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நம்ம ஆளுங்களுக்குக் காது நல்லாவே பழகிப் போச்சு" என்பார். நானும் சிரிப்பேன். அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டு அவர் போய்விடுவார் என்று நான் நினைத்ததேயில்லை.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் நம் சங்கத்தைத் தெரிந்திருக்காது. வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் படிப்பீர்கள். உங்களுக்காகச் சொல்கிறேன். ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், அலுவலர்கள், செவிலியர்கள் சேர்ந்த சங்கம் இது. முதலில் ஊருக்கு ஒன்றாக இரண்டு சங்கங்கள் இருந்தன. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததற்கு ஒற்றுமை உணர்வு ஒன்றும் காரணமில்லை. ஒரு வேன்தான் காரணம். மாதம் ஒரு சனிக்கிழமை மதுரை ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வர வாடகை வேன் ஒன்று வைக்கிறோம். ராஜபாளையத்தில் கிளம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் மீதிப் பேரை ஏற்றிக்கொண்டு, கிருஷ்ணன்கோவில் வழியாக மதுரை போகும். ஓர் ஊர்க்காரர்களை மட்டும் வைத்து வேன் நிரம்பாது, வாடகையும் கட்டாது. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்க, இங்கே தனியாகக் கண்புரையோடும் மூட்டுவலியோடும் இருப்பவர்களுக்கு அந்த வேனை விட்டால் வேறு வழியில்லை. இரண்டு ஊரும் முறைத்துக்கொண்டு பிரிந்தால் வேன் நிற்கும். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் இத்தனை வருஷமாக இந்தச் சங்கத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது துணைத் தலைவர் விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம். தலைவர் தேர்தலில் ஜெயித்தவர் தலைவர், தோற்றவர் துணைத் தலைவர். யாரும் மனம் கோணாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று எல்லோரும் மெச்சிக்கொண்டோம். ராஜபாளையத்துக்காரர் ஜெயித்தார், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் தோற்றார். இருவரையும் மேடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தோம். அப்புறம் ஒவ்வொரு கூட்டமும் பஞ்சாயத்துதான். தலைவர் வடக்கே என்றால் துணைத் தலைவர் தெற்கே என்பார். தண்ணீர்ப் பாட்டிலை யார் பக்கம் வைப்பது என்பதில்கூட முகம் தூக்கிக்கொண்டார்கள்.

அப்போது சவரிமுத்து சார் சாதாரண உறுப்பினர். பிறந்தது மகாராஜபுரம், ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு கட்டி, பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். வேனில் அவருக்குக் கடைசி இருக்கை. ஒருநாள் மதுரை போகும் வழியில் அங்கிருந்தபடியே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். "நாம வச்சிருக்க இந்த விதியை அமெரிக்காக்காரன் ஆதியிலேயே வச்சுப் பாத்துட்டான். ஜனாதிபதி தேர்தல்ல ரெண்டாவதா வந்தவன் துணை ஜனாதிபதி. ஜெயிச்சவன் ஒரு கட்சி, பக்கத்துல உக்காந்தவன் எதிர்க்கட்சி. விளங்குமா? பொறவு அரசியல் சட்டத்தையே திருத்தி, துணைக்குன்னு தனியா ஓட்டுப் போட வச்சாங்க. நாம இன்னும் அவன் விட்டெறிஞ்சதைப் பொறுக்கி வச்சுக்கிட்டு இருக்கோம்." முன் இருக்கையில் இருந்த யாரோ, டிரைவரிடம் ஏசியைக் கூட்டச் சொல்லுங்கள் என்றார்கள். அவர் அசரவில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டியும் பேசிக்கொண்டே வந்தார்.

அடுத்த பொதுக்குழுவில் அவர் எழுந்து ஒரு யோசனை சொன்னார். நம் சங்கத்தை இன்றுவரை பிடித்து வைத்திருப்பது அந்த யோசனைதான். தலைவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்போம். தலைவர் ஓர் ஊர் என்றால் துணைத் தலைவர் மற்ற ஊர். ஆனால் அந்தத் துணைத் தலைவரை அவருடைய ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. தலைவரின் ஊர்க்காரர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சபையில் ஒரே சலசலப்பு. எங்கள் ஊர் ஆளை அவர்கள் பொறுக்குவதா என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கேட்டார்கள். சார் பொறுமையாகச் சொன்னார். "பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறவன்தான பாக்கணும்? தலைவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா துணைத் தலைவர் கையிலதான எல்லாம் போகும். அன்னைக்கு அவர் சொல்லை அந்த ஊர்க்காரங்க கேக்கணும்லா? அவங்களே தேர்ந்தெடுத்த ஆளுன்னா மறுபேச்சுப் பேச முடியாது." கடைசியில் கைகள் தூக்கப்பட்டன.

அந்த நல்ல விதியை வைத்துக்கொண்டே நாங்கள் ஒரு கோளாறு செய்தோம். தலைவர் எங்கள் ஊர், ஆகவே துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ராஜபாளையத்துக்கு. ஸ்ரீவில்லிபுத்தூரில் யார் வாய் திறக்க மாட்டார் என்று தேடினோம். பிச்சையா சார் கிடைத்தார். தங்கமான மனிதர். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். "இவர்னா தொந்தரவு இருக்காது" என்று எல்லோருக்கும் திருப்தி. சவரிமுத்து சார் மட்டும் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். "துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது தலைவரோட இரங்கல் கூட்டத்தை மனசுல வச்சுத் தேர்ந்தெடுக்கணும் டீச்சர். அன்னைக்கு அந்த நாற்காலியில உக்கார யாருக்குத் தெம்பு இருக்குன்னு பாக்கணும். இவங்க இன்னைக்கு மத்தியானச் சாப்பாட்டை நினைச்சுத் தேர்ந்தெடுத்திருக்காங்க." தலைவர் அப்போது கல்லுப் போல இருந்தார். எனக்கு அந்தப் பேச்சு அபசகுனமாகப் பட்டது. சாரிடம் அதைச் சொல்லவும் செய்தேன்.

தலைவர் மறு வருஷமே போய்விட்டார். அன்றைய விதிப்படி, மிச்சமிருந்த காலம் முழுக்கப் பிச்சையா சார்தான் தலைவர். ராஜபாளையத்துக்காரர்கள் போய், வேன் வழக்கம்போல எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்ப வேண்டும் என்றோம். "ஆகட்டும்" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் போய், தலைவர் இப்போது நம்ம ஊர், வேன் இங்கிருந்தே நேராக மதுரைக்குக் கிளம்பட்டும் என்றார்கள். "ஆகட்டும்" என்றார். இரண்டு பேரிடமும் சொன்னதை அவர் டிரைவரிடம் சொன்னாரா, எப்படிச் சொன்னார் என்பது இன்றுவரை தெரியாது. அந்தச் சனிக்கிழமை நாங்கள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறோம். விடிந்து வெயில் ஏறிவிட்டது. வேன் வரவில்லை. எங்களோடு கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த ஒரு சத்துணவு அமைப்பாளர் அம்மாவும் இருந்தார். சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்ததால் அவருக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

அங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் வேனில் ஏறிய சவரிமுத்து சார், உள்ளே ராஜபாளையத்து ஆள் ஒருவரும் இல்லை என்பதைப் பார்த்திருக்கிறார். டிரைவரிடம் வண்டியைத் திருப்பி முதலில் ராஜபாளையம் போகச் சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள், நேரமாகிவிட்டது, போவோம் என்றிருக்கிறார்கள். இவர் இறங்கிவிட்டார். எதிர்த்திசையில் வந்த டவுன் பஸ்ஸில் ஏறி ராஜபாளையம் வந்துவிட்டார். எங்கள் முன்னால் வந்து நின்றபோது நான் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். உங்கள் ஊர்ப் புத்தி இப்படித்தான் என்று என்னவெல்லாமோ சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "ஏசுறதை பஸ்ல வச்சு ஏசுங்க டீச்சர். மதுரை பஸ் நிக்குது, அந்தம்மாவை ஏத்துங்க மொதல்ல" என்றார். மதுரை வரைக்கும் அந்த அம்மா அவர் தோளில் சாய்ந்துதான் வந்தார். ஆபரேஷன் அன்றே நடந்தது. எங்களைச் சேர்த்துவிட்டு, தன் மூட்டு டாக்டரைப் பார்க்காமலேயே அவர் ஊர் திரும்பினார்.

சங்கம் உடையும் நிலைக்குப் போனது அப்போதுதான். வேனும் இரண்டு மாதம் ஓடவில்லை. சார் இரண்டு ஊருக்கும் நடையாய் நடந்தார். விதியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். "நம்ம நாட்டுல குடியரசுத் தலைவர் இறந்துட்டா துணைக் குடியரசுத் தலைவர் பொறுப்புத்தான் பாக்குறார். ஆறு மாசத்துக்குள்ள புதுசாத் தேர்தல் வச்சாகணும். அமெரிக்காவுல மாதிரி மிச்சக் காலம் முழுக்க உக்காருறது கிடையாது. நாமளும் அப்படி வச்சுக்கிடுவோம். அவசரத்துக்கு ஒரு ஆள், நிதானமா ஒரு தேர்தல்." பிச்சையா சார் அதற்கும் "ஆகட்டும்" என்றார். அவர் சொன்ன ஆகட்டும்களில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று நாங்கள் பின்னால் சிரித்துக்கொள்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனிதர், இப்போதும் நன்றாக இருக்கிறார். அதன் பிறகு நடந்த தேர்தலில் நான் தலைவர் ஆனேன். ராஜபாளையத்துக்காரர்கள் ஒருமனதாகச் சவரிமுத்து சாரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். இறக்கும் வரை அவர்தான்.

அவரோடு வேலை பார்ப்பது லேசு என்று யாராவது நினைத்தால் தவறு. நான் கணக்கு டீச்சர், வெடுக்கென்று பேசிவிடுவேன். அவர் மேடையில் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டார். கூட்டம் முடிந்ததும் என்னோடு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வருவார். அந்த நடைக்குள் நான் செய்த பிழை ஒவ்வொன்றையும் எடுத்துச் சொல்லிவிடுவார். "சபையில உங்க பக்கம் நிக்கிறதுக்குத்தான் என்னை வச்சிருக்கு. வெளிய வந்தா நான் உங்க பக்கம் இல்லை" என்பார். சில நாள் அவர் பேச்சைக் கேட்க முடியாமல் வந்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று மிச்சத்தையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் போவார்.

நம் சங்கத்தில் இப்போதெல்லாம் ஆண்டு விழாவை விட இரங்கல் கூட்டங்கள்தான் அதிகம். அதே மண்டபம், அதே பிளாஸ்டிக் நாற்காலி, அதே மௌன அஞ்சலி. படம் மட்டும் மாறும். வேனிலும் ஒவ்வொரு மாதமும் இடம் காலியாகிறது. ஒருநாள் மதுரையிலிருந்து திரும்பும்போது நான் பின்னால் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். "சார், எனக்கு அலுத்துப் போச்சு" என்றேன். ஏதாவது வரலாறு சொல்லித் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "எனக்கும் அலுத்துத்தான் போச்சு டீச்சர். யாருகிட்ட சொல்ல?" என்றார். அவ்வளவுதான். அவர் அப்படிச் சொன்னதில் எனக்கு ஏனோ பெரிய ஆறுதல். அதன் பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வரும் வரை நானும் தூங்கிவிட்டேன்.

எனக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் கத்திப் பேசக் கூடாது என்றார். அந்தத் தலைவர் வேலையைக் கத்தாமல் பார்க்க முடியுமா? ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்த சாரிடம், இனி நீங்கள் தலைவராக இருங்கள் என்றேன். முடியாது என்றார். எத்தனையோ தடவை கேட்டேன். "துணை ஜனாதிபதியா இருந்த எத்தனையோ பேரு, ஜனாதிபதி ஆகணும்ங்கிற நெனைப்புலயே இருந்த வேலையையும் பாக்காமக் கெடுத்தாங்க. அந்த ஆசை எனக்கு இல்லாததாலதான் நான் இம்புட்டு நாளா உருப்படியா இருக்கேன். அதைக் கெடுக்காதீங்க" என்பார். போன மாதம்தான் மனம் இறங்கினார். வேனிலிருந்து இறங்கும்போது நான் படியில் தடுமாறினேன். என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "சரி டீச்சர். பொங்கல் போகட்டும், நான் எடுத்துக்கிடுதேன். நீங்க வீட்ல இருங்க" என்றார். அன்று ராத்திரி நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். பொங்கலுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோதே பேச்சு தொடங்கிவிட்டது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். "அடுத்த துணைத் தலைவரை எங்க ஊரே தேர்ந்தெடுக்கும். இல்லைன்னா எங்களுக்குச் சங்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் சிலர் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் சிலர், பிரிந்தால் பிரியட்டும் என்றார்கள். மாலை போட்ட கை காயவில்லை. நான் யாரோடும் பேசாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். ராஜினாமா செய்துவிடலாம் என்று தீர்மானித்தேன். எனக்கு என்ன வந்தது? என் பிள்ளை கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்று எத்தனை நாளாகக் கூப்பிடுகிறான்.

இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை நான்தான் தாங்கினேன். துணைத் தலைவர் இறந்தால் யார் தலைமை தாங்குவது என்று நம் விதியில் இல்லை. அவர் அதை யோசிக்காமல் விட்டிருந்தார். இரண்டு ஊர்க்காரர்களும் அவருக்காக ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். மௌன அஞ்சலி முடிந்ததும், வந்தது வந்துவிட்டோம், துணைத் தலைவர் விஷயத்தையும் முடித்துவிடுவோம் என்று யாரோ ஆரம்பித்தார்கள். எங்கள் ஊர் வரிசையிலிருந்து ஒரு பெயர் வந்தது. சொல்லி வைத்ததைப் போல, யாரிடமும் முகம் சுளிக்காத, வாய் திறக்காத ஒரு மனிதர் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூர் வரிசை எழுந்து நின்றுவிட்டது. வெளியே போகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்போது நான் மைக்கைப் பிடித்தேன். விதியைப் பற்றிப் பேசவில்லை. "ராஜபாளையத்துக்காரங்க மட்டும் கேளுங்க. என் நெஞ்சுல கம்பி இருக்கு. இந்த வேலை இனி எவ்வளவு நாளைக்கின்னு எனக்கே தெரியாது. எனக்கு ஒண்ணு ஆயிட்டா இதே மண்டபத்துல, இதே மேசையில என் படத்தை வைப்பீங்க. இந்த நாற்காலியில அன்னைக்கு அந்த ஊர்ல இருந்து யாரு வந்து உக்காந்தா உங்க வாயை அடக்க முடியும்? மறுநாள் வேனை யாரு கிளப்புவா? அந்த ஆளோட பேரைச் சொல்லுங்க. என் மனசுக்கு எதமான ஆளைச் சொல்ல வேண்டாம்" என்றேன். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். எனக்கு மூச்சு வாங்கியது.

சுப்பராஜாதான் எழுந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "அக்கய்யா தப்பா நினைக்கக் கூடாது. கனகமணி சிஸ்டர்."

கனகமணியைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியும். பிளவக்கல் பக்கம் ஊர் ஊராகப் போய் ஊசி போட்ட கிராமச் செவிலியர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கூட்டத்தில் நான் எதைச் சொன்னாலும் முதலில் எழுந்து மறுப்பவர் அவர்தான். போன வருஷம் முழுக்க நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பிடித்ததென்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஊர் வரிசையில் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள், தங்கள் ஊரிலேயே வாய் நீளமான ஆளை எதிர் ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்களே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சண்டை போட அவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. நானும் கையைத் தூக்கினேன்.

கனகமணி எழுந்து, ஏற்றுக்கொள்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "எப்பவும் இந்த ரெண்டாவது மாடி மண்டபத்தையே பிடிக்கிறது யாரு? முட்டு தேய்ஞ்ச கூட்டத்தை இம்புட்டுப் படி ஏத்தினா அடுத்த இரங்கல் கூட்டத்துக்கு ஆளு வேண்டாமா?" என்றுதான் ஆரம்பித்தார். பிடிப்பது நான்தான். இருவரும் படத்துக்கு முன்னாலேயே கத்திக்கொண்டோம். டாக்டர் சொன்னது எனக்கு நினைவில்லை. கீழே இறங்கும்போது அவரே வந்து என் கை இடுக்கில் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். படி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் படியில் நின்று, "ராஜினாமா கீஜினாமான்னு கிளம்பிராதீங்க டீச்சர். செத்தும் போயிராதீங்க. உங்களைப் பத்தி எந்திரிச்சு நின்னு பேசணும்னா எனக்கு இன்னும் நல்லதா ஒண்ணும் தோணலை. தோணுத வரைக்கும் இருங்க" என்றார்.

எனக்கு அங்கேதான் அழுகை வந்தது. அடக்கத்தன்று வராதது, பிலோமினா அம்மாவின் பக்கத்தில் வராதது, அந்தப் படியில் வந்தது. கனகமணி கையை எடுக்கவில்லை.

சவரிமுத்து சாரின் படமோ புத்தகமோ எதுவும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. பிலோமினா அம்மா கேட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது இந்தச் சண்டைக்காரிதான். கோயம்புத்தூர்ப் பிள்ளையிடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அலுப்பாகத்தான் இருக்கிறது. யாரிடம் சொல்வது என்று இப்போது தெரிகிறது, அவள் திட்டுவாள்.